ட்ரேயை விட்டுத் துள்ளிய கேபிள்கள்

1. கேண்டீனில் பூரி

கனமான இரும்புக் கதவை யாரோ ஓங்கிச் சாத்தினதுபோல ஒரு சத்தம். உடனே ஆபீஸில் ஃபேன் நின்றது, ஏசி நின்றது. வெளியே நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும் கன்வேயரின் இரைச்சலும் நின்றது. அந்த இரைச்சல் எங்களுக்கு மூச்சு மாதிரி. அது ஓடும்போது காதில் விழாது, நின்றால்தான் விழும்.

காலை டீ நேரம். கிளாஸை மேஜையில் வைத்துவிட்டு சப்ஸ்டேஷனைப் பார்த்து ஓடினேன்.

என் பெயர் வடிவு. ஏரல் பக்கம் நெல்லும் வாழையும் போடுகிற ஊர். எலக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு, தூத்துக்குடி துறைமுகத்துக்குள் இருக்கும் ஒரு தனியார் நிலக்கரி டெர்மினலில் சேர்ந்து, மின் பராமரிப்புப் பொறுப்பாளராக ரிட்டையர் ஆனேன். கப்பலில் வரும் கரியை இறக்கி, கன்வேயரில் ஏற்றி, யார்டில் குவித்து, அனல்மின் நிலையத்துக்கு அனுப்புவது எங்கள் டெர்மினலின் வேலை. அந்தக் கன்வேயருக்குக் கரண்ட் கொடுப்பது என் வேலை. புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். பெரிய கணக்கு ஒன்றும் இல்லை, பயப்பட வேண்டாம்.

எங்கள் சப்ஸ்டேஷனில் வெளியே கம்பி வேலிக்குள் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். அங்கிருந்து முப்பது மீட்டர் தள்ளி பேனல் ரூம். இரண்டையும் இணைப்பது மணிக்கட்டுத் தண்டியில் ஓடும் கேபிள்கள். ஏணியைப் படுக்கப் போட்டதுபோல ஒரு இரும்பு ட்ரே, அதன்மேல் ஆர் பேஸ், ஒய் பேஸ், பி பேஸ் என்று கேபிள்கள் வரிசையாகப் படுத்திருக்கும். அங்கங்கே நைலான் டை போட்டுக் கட்டியிருந்தார்கள். நான் அந்த டெர்மினலுக்கு வருவதற்கு முன்பே அப்படித்தான் இருந்தது.

எனக்கு முன்னால் சுலைமான் பாய் அங்கே நின்றிருந்தார். காயல்பட்டினத்துக்காரர். சவூதியில் ஒரு பெரிய ரிஃபைனரியில் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு வந்து எங்களிடம் ஃபோர்மேனாகச் சேர்ந்தவர். கையை நீட்டி என்னை மறித்தார்.

"கிட்ட போவாதீங்க மேடம். ஹெச்.டி. லைன் ட்ரிப் ஆயிட்டு, கரண்ட் இல்ல. ஆனாலும் எர்த் பண்ணிட்டுப் போவோம்."

இரண்டு பக்கமும் எர்த் பண்ணி, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் உள்ளே போனோம். ட்ரேயில் கிடக்க வேண்டிய கேபிள்கள் ட்ரேயில் இல்லை. பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமும் தொங்கின. ட்ரேயின் விளிம்புத் தகடு வெளிப்பக்கமாக மடங்கிக் கிடந்தது, யாரோ உள்ளே நின்று மிதித்துத் தள்ளியதுபோல. கீழே ஜல்லியில் நைலான் டை துண்டுகள் இரண்டு பக்கமும் சிதறியிருந்தன. டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் கேபிள் முனையில் மாட்டும் உலோகக் காதுகளான லக்குகள் பிய்ந்து, அவை சேரும் பீங்கான் புஷிங் விரிசல் விட்டு, எண்ணெய் சொட்டியது. பேனல் ரூமுக்குள் கன்வேயருக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் ஃபீடர் பெட்டியின் கதவு பிளந்து உள்ளே எல்லாம் புகைக்கரி. அடியில் ஒரு பல்லி கருகிக் கிடந்தது.

பெயிண்டர் இரண்டு பேர் தினமும் அந்த ட்ரேக்கு அடியில் நிழலில் உட்கார்ந்துதான் காலை டிபன் சாப்பிடுவார்கள். அன்றைக்குக் கேண்டீனில் பூரி என்று போயிருந்தார்கள். அந்த இடத்தில் ஒரு கேபிள் விழுந்து கிடந்தது. கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

சரக்கு இறக்கும் பெர்த்தில் கப்பல் பாதி இறக்கிய நிலையில் நின்றது. ஜி.எம். ராகவன் சார் ஹெல்மெட்டைக்கூடச் சரியாக மாட்டாமல் வேகமாக வந்தார். சென்னைக்காரர். சத்தம் போடாத மனிதர், ஆனால் பதில் இல்லாமல் விடமாட்டார்.

"யாருக்காவது அடியா?"

"இல்ல சார்."

"எப்போ பவர் வரும்?"

"ஏன் போச்சுன்னு தெரிஞ்சாத்தான் சொல்ல முடியும் சார்."

2. மிக்கேல் அண்ணாச்சியின் லக்

மறுநாள் காலை பேனல் கம்பெனியிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆள், மரியாதையானவர். பேனலைப் பார்த்தார், டிரான்ஸ்ஃபார்மரைப் பார்த்தார், பிய்ந்த லக்குகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தார். ஜி.எம். ரூமில் அவர் சொன்னது இது.

"டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் லக்கக் கம்பியோட நசுக்கிச் சரியா கிரிம்ப் பண்ணலீங்க. லூசாகி, புடுங்கிட்டு வந்து, அங்க ஷார்ட் ஆயிருக்குது. அந்த அதிர்ச்சியில பேனலும் போயிருச்சுங்க."

"பல்லி?" என்றேன்.

"அது அந்த நேரம் பார்த்து உள்ள இருந்திருக்குமுங்க. பாவம்."

அந்த லக்குகளை அடித்தது மிக்கேல் அண்ணாச்சி. கேபிள் ஜாயிண்டர். கூட நாலைந்து பேரை வைத்துக்கொண்டு துறைமுகத்துக்குள் இருக்கிற டெர்மினல்களில் கேபிள் முனை கட்டுவது, ஜாயிண்ட் போடுவது என்று கான்ட்ராக்ட் எடுத்துச் செய்பவர். கடற்கரைத் தெருக்காரர். அவர் வீட்டில் ஒரு காலத்தில் முத்துக் குளிக்கப் போனார்கள், பிறகு சங்கு குளிக்கப் போனார்கள், இவர் கரைக்கு வந்து கேபிளைப் பிடித்தார். முந்தின ஷட்டவுனில் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்து முனைகளை மாற்றிக் கொடுத்தவர் அவர்தான்.

ஜி.எம். என்னைப் பார்த்தார். "வடிவு, மிக்கேலோட கேட் பாஸை நிறுத்தி வைக்கச் சொல்லப் போறேன். விசாரணை முடியட்டும்."

கேட் பாஸ் நிறுத்தினால் என்ன அர்த்தம் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. துறைமுகத்துக்குள் ஒரு டெர்மினல் ஒரு ஆளை வேண்டாம் என்றால் சாயங்காலத்துக்குள் மற்ற எல்லா டெர்மினலுக்கும் தெரிந்துவிடும். காரணம் யாரும் கேட்கமாட்டார்கள். அவரோடு இருக்கிற ஆட்களையும் எடுக்கமாட்டார்கள்.

"சாயங்காலம் வரைக்கும் பொறுங்க சார். எனக்கு ஒரு விசயம் இடிக்கு" என்றேன்.

"என்ன இடிக்குது?"

"அந்த லக்கை நான் இன்னொரு தடவ பாக்கணும்."

கீழே வந்தபோது மிக்கேல் அண்ணாச்சி கேட் பக்கம் நின்றிருந்தார். விசயம் அதற்குள் அவர் காதுக்குப் போயிருந்தது. சட்டையை மாற்றிக்கொண்டு, முடி சீவி, ஒரு துஷ்டிக்குத் துக்கம் கேட்க வந்தவர் போல நின்றார்.

"மேடம், நான் அடிச்ச லக்கு புடுங்கிட்டு வராது. வேற எத வேணாலும் சொல்லட்டும்."

"வாங்க அண்ணாச்சி. சேந்து பாப்போம்."

பிய்ந்த லக்குகளை வெயிலில் ஒரு சாக்கின்மேல் பரப்பினோம். சுலைமான் பாயும் குந்தினார். லக் லூசாக இருந்து கெட்டுப்போனால் அது ஒரே நாளில் கெடாது. சூடாகி, நிறம் மாறி, இன்சுலேஷன் உருகி, கருத்துப் போய்த்தான் விடும். இந்த லக்குகளில் அலுமினியக் கம்பி உள்ளே அப்படியே இறுகிப் பிடித்திருந்தது. கிரிம்ப் அடித்த பள்ளம் கச்சிதமாக இருந்தது. பிய்ந்தது லக்கின் கழுத்து. அதுவும் புது உலோகம் மாதிரி பளபளவென்று. கையால் வெள்ளரிக்காயை முறித்தால் உள்ளே தெரியுமே, அப்படி.

"இது எரிஞ்சு போவல" என்றார் சுலைமான் பாய். "இழுத்துப் பிச்சிருக்கு."

"யாரு இழுக்கா?" என்றார் மிக்கேல் அண்ணாச்சி. "இதப் பிய்க்கணும்னா கிரேன்தான் வரணும்."

நான் எழுந்து ட்ரேயின் கீழேயே டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து பேனல் ரூம் வரைக்கும் நடந்தேன். திரும்பவும் பேனல் ரூமிலிருந்து டிரான்ஸ்ஃபார்மர் வரைக்கும். கேபிள்கள் ஒரு இடத்தில் மட்டும் வெளியே விழவில்லை. முழு நீளத்துக்கும் எழுந்து விழுந்திருந்தன. பேனல் ரூம் சுவர்வரைக்கும் ட்ரே விளிம்பு மடங்கியிருந்தது. அப்போதுதான் எனக்கு அது பிடிபட்டது. அந்த இடத்திலேயே சிரித்துவிட்டேன். மிக்கேல் அண்ணாச்சி என்னை விநோதமாகப் பார்த்தார்.

3. இரண்டு லாரி பேட்டரி

கரண்ட் ஓடுகிற ஒவ்வொரு வயரைச் சுற்றியும் ஒரு காந்தப் புலம் உண்டு. பக்கத்தில் இன்னொரு வயரிலும் கரண்ட் ஓடினால் அந்தப் புலம் அதைச் சும்மா விடாது. இரண்டிலும் ஒரே திசையில் ஓடினால் ஒன்றை ஒன்று இழுக்கும். எதிர்த் திசையில் ஓடினால் ஒன்றை ஒன்று தள்ளும். இது பள்ளிக்கூடத்துப் பாடம், எல்லோரும் எழுதி மார்க் வாங்கியதுதான். ஆனால் வீட்டு வயரில் இந்த விசை இவ்வளவு சின்னது என்பதால், பாடத்தோடு மறந்துவிடுகிறோம்.

இரண்டு வயரிலும் கரண்ட் இரண்டு மடங்கானால் விசை நாலு மடங்காகும். பத்து மடங்கானால் நூறு மடங்கு. இங்கேதான் வினை. எங்கள் கேபிள்களில் சாதாரணமாக ஓடுகிற கரண்டுக்கு, ஒரு மீட்டர் நீளத்துக்கு இருக்கும் தள்ளல் எங்கள் ஊர் முந்திரி இனிப்பான மக்ரூன் கால் கிலோப் பொட்டலம் ஒன்றின் எடைதான். நைலான் டை அதற்குத் தாராளம். ஷார்ட் ஆகிற நொடியில் அதே கேபிளில் எழுபது மடங்குக்கு மேல் கரண்ட் பாய்கிறது. அப்போது அந்த மக்ரூன் பொட்டலம் ஒன்றரை டன்னை நெருங்கிவிடும். ஒவ்வொரு மீட்டருக்கும். பிரேக்கர் திறப்பதற்குள், கண் இமைக்கிற நேரத்தில்.

மிக்கேல் அண்ணாச்சி கேட்ட கிரேன் அதுதான். கேபிள்களே ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்து, போகிற போக்கில் லக்கையும் பிய்த்துக்கொண்டு போயிருக்கின்றன.

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று. ஷார்ட் டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் நடந்திருந்தால், கரண்ட் அங்கேயே திரும்பியிருக்கும். அதற்கு அப்பால் இருக்கிற முப்பது மீட்டர் கேபிளுக்குள் அது போயிருக்கவே போயிருக்காது. போகாத கேபிள் ஏன் துள்ளும்? முழு நீளமும் துள்ளியிருக்கிறது என்றால், முழு நீளத்துக்கும் கரண்ட் போயிருக்கிறது. ஆக ஷார்ட் பேனலுக்குள். பல்லிதான் ஆரம்பம். பேனலுக்குள் கரண்ட் ஏந்தும் உலோகப் பட்டையான பஸ்பாரில், கரித்தூசியும் உப்புக் காற்றும் படிந்த இடத்தில், அது குறுக்கே போயிருக்கிறது. லக் பிய்ந்தது கடைசியில்.

இதை ஜி.எம்.மிடம் போய்ப் பேப்பரில் போட்டுக் காட்டலாம். ஆனால் ஒரு ஆளின் பிழைப்பு விஷயம். கண்ணால் பார்த்தால் யாரும் திரும்பக் கேள்வி கேட்கமாட்டார்கள் என்று நினைத்தேன்.

வொர்க்‌ஷாப் முற்றத்தில் மதியத்துக்குள் ஏற்பாடு செய்தோம். இரண்டு லாரி பேட்டரி, இரண்டு நீளமான வெல்டிங் கேபிள், ஒரு பழைய கத்தி ஸ்விட்ச். கேபிள் இரண்டையும் கைப்பிடிக் கம்பியிலிருந்து மெல்லிய கயிற்றில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினாற்போலத் தொங்கவிட்டோம். கையுறை, கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டு சுலைமான் பாய் ஸ்விட்ச் பக்கம் நின்றார். நீங்கள் யாரும் இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். பேட்டரி வெடித்தால் முகம் போய்விடும்.

ஜி.எம். வந்தார். கோயம்புத்தூர்க்காரரும் வந்தார். மிக்கேல் அண்ணாச்சி பின்னால் ஒதுங்கி நின்றார்.

"மொதல்ல தூரத்து முனைய ஷார்ட் பண்ணிருக்கோம்" என்றேன். "பேனல்ல ஷார்ட் ஆன மாதிரி. ஒரு கேபிள்ல போவுது, இன்னொண்ணுல திரும்பி வருது. பாருங்க."

சுலைமான் பாய் ஸ்விட்சைத் தட்டி எடுத்தார். ஒரு நொடிகூட இல்லை. தொங்கிக்கொண்டிருந்த இரண்டு கேபிளும் உதைபட்டதுபோல இரண்டு பக்கமும் விலகிப் பாய்ந்து, திரும்பி வந்து மோதி ஆடின. ஜி.எம். ஒரு அடி பின்னால் போனார்.

"இப்ப பேட்டரி பக்கத்துலயே ஷார்ட். டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் லக் புடுங்கின மாதிரி."

குறுக்கே ஒரு கம்பியைப் போட்டு இறுக்கிவிட்டு மறுபடி தட்டினார். கம்பிக்கு இந்தப் பக்கம் இருந்த ஒரு முழம் கேபிள் மட்டும் வெடுக்கென்றது. அதற்கு அப்பால் இருந்த முழு நீளமும் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

கோயம்புத்தூர்க்காரர் போய்க் கேபிளைத் தொட்டுப் பார்த்தார். பிறகு நேராக என்னிடம் வந்தார்.

"நான் உடஞ்ச எடத்தப் பாத்தேனுங்க மேடம். நீங்க நடுவுல இருக்கறதப் பாத்திருக்கீங்க. என் ரிப்போர்ட்ட மாத்தி எழுதிடறேன்."

எத்தனை பேர் அந்த இடத்தில் அப்படிச் சொல்வார்கள்? அவர்மேல் இன்றைக்கும் எனக்கு மரியாதை உண்டு.

ஜி.எம். திரும்பி மிக்கேல் அண்ணாச்சியைக் கூப்பிட்டார். "மிக்கேல், புது லக் அடிக்க உங்களுக்கு எவ்வளவு நேரம் வேணும்?"

அண்ணாச்சி முன்னால் வந்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டே, "சாமான் இருந்தா இப்பவே தொடங்கிருவேன் சார்" என்றார்.

4. மரமும் கயிறும்

அடுத்த சண்டை எனக்கும் ஜி.எம்.முக்கும்.

புஷிங் மாற்ற டிரான்ஸ்ஃபார்மர் ஆட்கள் இரண்டு நாள் கேட்டார்கள். அதற்குள் எரிந்த ஃபீடரைச் சரிசெய்து தருவதாகக் கோயம்புத்தூர்க்காரர் சொன்னார். கேபிள்களை, இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கர் வைத்துப் பார்த்ததில் பெரும்பாலானவை நன்றாக இருந்தன, ஸ்டோரில் இருந்ததைக் கொண்டு மீதியை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அவற்றை ட்ரேயில் எதைக் கொண்டு பிடித்து வைப்பது என்பதுதான் கேள்வி.

"சவூதில இந்த மாதிரி கேபிளுக்கு வரிசையா ஸ்டீல் கிளீட் போட்டிருப்பாங்க மேடம்" என்றார் சுலைமான் பாய். "நான் இவ்வளவு நாளா அது காத்துக்குப் போடுததுன்னுல்லா நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

கிளீட் என்பது கேபிளைச் சுற்றிப் பிடிக்கிற கவ்வி. விசாரித்ததில் ஒரு மாசத்துக்கு மேல் ஆகும் என்றார்கள்.

"இப்போதைக்கு நைலான் டை போட்டு சார்ஜ் பண்ணி கரண்ட் விடுங்க" என்றார் ஜி.எம். "கிளீட் வந்ததும் மாத்திக்கலாம். கப்பல் நிக்குது வடிவு. மேல இருந்து மணிக்கொரு போன்."

"நைலான் டை போட்டா சார்ஜ் பெர்மிட்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்."

"இன்னொரு பல்லி இந்த மாசத்துக்குள்ளேயே வருமா?"

"வராதுன்னு யாரு சொல்லுவா சார்? அன்னைக்கு அந்த பெயிண்டர் பயலுவ பூரி திங்கப் போனதால பொழச்சானுவ."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் கண்ணை எடுக்கவில்லை.

"புஷிங் முடியறப்போ உங்க கேபிளும் ரெடியா இருக்கணும்" என்றார் கடைசியில். "அதுக்கு மேல என்னால தாங்க முடியாது."

வெளியே வந்து மிக்கேல் அண்ணாச்சியிடமும் சுலைமான் பாயிடமும் சொன்னேன். அந்தக் காலத்தில் மரத்தில்தான் கிளீட் செய்தார்கள் என்று எங்கேயோ படித்த ஞாபகம். மரம் காந்தத்துக்குப் பிடி கொடுக்காது. நல்ல மரமாக இருந்தால் தாங்கும். அண்ணாச்சி ஒரு நிமிஷம் யோசித்தார்.

"என் மச்சான் தோணி கட்டுத பட்டறையிலதான் ஆசாரியா இருக்கான் மேடம். அங்கன இலுப்பை மரம் கெடக்கு. தோணிக்கு அடியில வைக்கிற மரம். அதுக்கு மேல என்ன பலம் வேணும்?"

கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போகிற மரத் தோணிகளைச் செய்து பழுது பார்க்கிற பட்டறை அது. அன்றைக்கே மூன்று பேரும் போனோம். நான் ஒரு அட்டையில் வரைந்து காட்டினேன். மூன்று பேஸ் கேபிளையும் தள்ளித் தள்ளிப் போடாமல், பேஸுக்கு ஒன்றாக எடுத்து முக்கோணமாக ஒட்டிப் படுக்கவைக்க வேண்டும். அந்த முக்கோணத்தை மேலும் கீழுமாக இரண்டு மரக்கட்டை கவ்வ வேண்டும். இரண்டு பக்கமும் போல்ட். ஷார்ட் ஆனால் மூன்று கேபிளும் ஒன்றை ஒன்று தள்ளத்தான் செய்யும். கட்டு தாங்கினால் அந்தத் தள்ளல் கட்டுக்குள்ளேயே முடிந்துபோகும். ட்ரேக்கும் போகாது, லக்குக்கும் போகாது.

அண்ணாச்சியின் மச்சான் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கட்டைக்கும் கட்டைக்கும் நடுவுல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல" என்றேன்.

"அப்ப அங்கன பிதுங்குமே. கயிறு போட்டு வரிஞ்சிரலாம்லா."

நான் யோசித்திருக்க வேண்டியதுதான். கப்பலில் கன்டெய்னரைக் கட்டுவதற்கு லாஷிங் என்று பெயர். துறைமுகம் முழுக்க அந்த வேலை தெரிந்த கைகள். கயிறு எவ்வளவு தாங்கும் என்று நான் கணக்குப் போட்டேன். எந்தக் கயிறு வெயிலுக்கும் உப்புக்கும் நிற்கும் என்று அவர்கள் சொன்னார்கள். இரண்டும் ஒத்துவந்தது.

மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் எங்கள் சப்ஸ்டேஷன் தோணிப் பட்டறை மாதிரிதான் இருந்தது. ஆசாரிகள் கட்டையை இழைத்து வார்னிஷ் அடித்துக் கொண்டுவந்து தர, சுலைமான் பாய் இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து போல்ட்டை இறுக்கினார். மிக்கேல் அண்ணாச்சி ஒரு பக்கம் லக் அடித்தார், லக் முடிந்ததும் கயிற்றைப் பிடித்தார். கேபிள் முக்கோணத்தைச் சுற்றிச் சுற்றி வரிந்து, நடுவில் குறுக்கே ஒரு சுற்றுச் சுற்றி, காலை ட்ரேயில் உந்திக்கொண்டு இழுத்தார். முடிச்சில் விரல் நுழையவில்லை.

"தண்ணிக்குள்ள ஆள் இறங்கியிருக்கும்போது மேல கயிறு பிடிச்சவுகளோட பேரன்லா நான்" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

புஷிங் ஆட்கள் முடித்தபோது நாங்களும் முடித்திருந்தோம். பெர்மிட்டில் கையெழுத்துப் போட்டேன். பிரேக்கரைப் போட்டோம். கன்வேயர் உறுமிக்கொண்டு எழுந்தது. பெர்த்தில் கப்பலின் கிரேன் கரியை அள்ளத் தொடங்கியது. மரத்தையும் கயிற்றையும் பார்த்துவிட்டு ஜி.எம். கேட்டார், "வடிவு, இது சப்ஸ்டேஷனா, தோணியா?"

"ரெண்டும்தான் சார்."

5. ஐப்பசி மழை

ஸ்டீல் கிளீட்டுகள் வந்து சேர்ந்தன. அடுத்த ஷட்டவுனில் மாற்றலாம் என்று ஸ்டோரில் வைத்திருந்தோம். அதற்குள் மழை வந்துவிட்டது.

அந்த ஐப்பசியில் கடலிலிருந்து காற்றோடு படுக்கையாக மழை அடித்தது. முத்தையாபுரத்திலிருந்து வேலைக்கு வருகிற பஸ் தண்ணீரில் நின்று, பாதிப் பேர் நடந்து வந்தார்கள். ஷிஃப்ட் தொடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். இரும்புக் கதவை ஓங்கிச் சாத்தின அதே சத்தம். கன்வேயர் நின்றது.

குடை எடுக்கத் தோன்றவில்லை. நான் போவதற்குள் சுலைமான் பாய் நனைந்துகொண்டு ட்ரேக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மேலே பார்க்கவே பயமாக இருந்தது. அவர் முகத்தைத்தான் முதலில் பார்த்தேன். அவர் முகம் மலர்ந்திருந்தது.

"மேடம், படுத்த படுக்கையா அப்படியே கெடக்கு."

எர்த் பண்ணிவிட்டு ஏணி போட்டு ஏறினேன். கேபிள்கள் இருந்த இடத்தில் இருந்தன. கயிறு ஒன்றுகூட அறவில்லை. ஒரே ஒரு மரக்கட்டையில் மட்டும் நீளமாக விரிசல் விட்டிருந்தது, ஆனாலும் கவ்வியபடியே இருந்தது. டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் மிக்கேல் அண்ணாச்சியின் லக்குகள் ஒரு மயிரிழை அசையவில்லை. பேனல் ரூமில் சுவரோரத்து ஷட்டர் வழியாக மழைத் தண்ணீர் புகுந்து ஒரு ஃபீடர் மட்டும் கருகியிருந்தது. அதைக் கழற்றித் தனியே விட்டுவிட்டு, பஸ்பாரைத் துடைத்து, காயவைத்து, டெஸ்ட் பண்ணினோம்.

விரிசல் விட்ட கட்டையை மாற்ற மிக்கேல் அண்ணாச்சிக்குப் போன் பண்ணினேன். மழையில் டிவிஎஸ் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். மாற்றின பிறகு ட்ரே நீளத்துக்கும் ஒவ்வொரு முடிச்சாகத் தொட்டுக்கொண்டே போனார். மறுமுனையில் ஜி.எம். குடையோடு நின்றிருந்தார். குடையை அண்ணாச்சி பக்கம் நீட்டிப் பிடித்தார்.

"போன தடவை எவ்வளவு நாள் நின்னோம்னு ஞாபகம் இருக்கா மிக்கேல்?"

"அத எப்படி சார் மறப்பேன்?"

"இன்னிக்கு மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடி ஓடப் போகுது."

ஓடியது. சாப்பாட்டு மணி அடிப்பதற்கு முன்பே கன்வேயர் ஓடியது. கன்ட்ரோல் ரூமில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். எங்கள் டெர்மினலில் அதற்கு முன்னால் யாரும் எதற்கும் கை தட்டி நான் பார்த்ததில்லை. நனைந்த சேலையோடு நின்று நானும் தட்டினேன்.

அந்த வாரத்திலேயே பக்கத்து டெர்மினல்களிலிருந்து பார்க்க வந்தார்கள். மொபைலில் படம் எடுத்தார்கள், கட்டையைத் தட்டிப் பார்த்தார்கள், யார் செய்தது என்று கேட்டார்கள். நான் மிக்கேல் அண்ணாச்சியைக் கைகாட்டினேன். இப்போது அவரிடம் இரண்டு டீம் ஓடுகிறது. சுலைமான் பாய் என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். எங்கள் துறைமுகத்தில் எந்தச் சப்ஸ்டேஷனுக்குள் வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், பெரிய கேபிள்கள் கவ்விக்குள் முக்கோணமாக இறுகிக் கிடக்கும்.

6. எனக்குத் தெரிந்தது

எதையாவது கட்டும்போது சாதாரண நாளைக் கணக்கில் எடுத்துக்கொண்டு கட்டாதீர்கள். சாதாரண நாளில் எல்லாமே தாங்கும். அது தாங்க வேண்டியது அந்த ஒரு நொடியை.

ஏதாவது உடைந்து கிடந்தால், உடைந்த துண்டுதான் குற்றவாளி என்று முடிவு கட்டாதீர்கள். அதைச் செய்த ஆளையும் உடனே தேடாதீர்கள். விசை எங்கே பிறந்தது, எந்த வழியாக வந்தது என்று முதல் முனையிலிருந்து கடைசி முனை வரை ஒரு தடவை நடந்து பாருங்கள். அந்த முப்பது மீட்டர் நடையில்தான் ஒரு மனிதரின் தொழில் தப்பித்தது.

கையெழுத்து கேட்டு மேலே இருந்து எத்தனை போன் வந்தாலும், மனசு ஒப்பாத இடத்தில் பேனாவை மூடி வையுங்கள். மூடிவிட்டுச் சும்மா உட்காராதீர்கள். எழுந்து போய் மரம் தேடுங்கள்.